எல்லை தாண்ட உங்களைக் கேட்டார்களா?

திருத்தணியிலிருந்து நாள்தோறும் சென்னை ரயில் ஏறும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

விடியும் முன்பே டிபன் டப்பாவோடு ஸ்டேஷனுக்கு ஓடி, ஆவடி, அம்பத்தூர், சென்ட்ரல் என்று இறங்கி வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் நீங்கள். உங்களில் பலருக்கு முதல் சம்பளத்தோடு முதல் கிரெடிட் கார்டும் கைக்கு வந்துவிடுகிறது. உங்கள் அப்பா, அம்மா காலத்தில் வீட்டில் யாரிடமும் இல்லாத ஒன்று அது. அதனால் அதன் பில்லை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தரவும் வீட்டில் ஆள் இல்லை. வங்கி வேலையில் வாழ்நாளைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்றபின், பில் புரியவில்லை என்று வருகிறவர்களுக்கு உட்கார்ந்து படித்துச் சொல்வதை ஒரு வேலையாக வைத்திருக்கிறேன். அப்படிப் படிக்கும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். ‘ஓவர்லிமிட் கட்டணம்’ என்பது அந்த வரி.

பெரும்பாலோர் அதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ‘லிமிட்டைத் தாண்டிட்டேன் சார், என் தப்புதான்’ என்கிறார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: லிமிட்டைத் தாண்ட உங்களை அனுமதித்தது வங்கி. அப்படி அனுமதிப்பதற்கு முன் உங்கள் வெளிப்படையான ஒப்புதலைக் கேட்டு வாங்க வேண்டிய கடமையும் வங்கிக்கு இருக்கிறது. கேட்காமல் தாண்டவிட்டுப் போட்ட கட்டணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. கேளுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் லிமிட் 50,000 ரூபாய் என்று வையுங்கள். ஏற்கெனவே 49,600 செலவாகிவிட்டது. மருந்துக் கடையில் 700 ரூபாய்க்குக் கார்டைத் தேய்க்கிறீர்கள். ‘லிமிட் போதவில்லை’ என்று மெஷின் மறுத்திருக்கலாம், ஆனால் மறுக்கவில்லை. ரசீது வந்துவிட்டது. இப்போது நிலுவை 50,300. தாண்டியது 300 ரூபாய். பல வங்கிகளில் ஓவர்லிமிட் கட்டணம் தாண்டிய தொகையில் 2.5 சதவீதம். அந்தக் கணக்கில் 300 ரூபாய்க்கு ஏழரை ரூபாய்தான் வரும். ஆனால் அந்த வாக்கியத்தின் அடுத்த பாதியையும் படிக்க வேண்டும்: ‘குறைந்தபட்சம் 500 ரூபாய்’ என்றோ ‘குறைந்தபட்சம் 600 ரூபாய்’ என்றோ இருக்கும். 600 என்றால், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 108 ரூபாய். ஆக மொத்தம் 708. முந்நூறு ரூபாய் தாண்டியதற்கு எழுநூற்று எட்டு ரூபாய்.

கதை அதோடு முடிவதில்லை. தாண்டிய தொகையைத் தவணையாகக் கட்டவும் பெரும்பாலான வங்கிகள் விடுவதில்லை. அந்த மாதத்து ‘மினிமம் டியூ’வில் முழுசாகச் சேர்த்துவிடுகின்றன. நிலுவையில் 5 சதவீதம் என்ற வழக்கமான கணக்கில் 2,500 கட்டினால் போதும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். 300 ரூபாயும் 708 ரூபாயும் சேர்ந்து அது 3,508 ஆகியிருக்கும். பில்லைப் பார்க்காமல் வழக்கம்போல 2,500 மட்டும் கட்டினால், மினிமம்கூடக் கட்டாதவர் ஆகிவிடுகிறீர்கள். அடுத்த பில்லில் தாமதக் கட்டணமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு கட்டணம் இன்னொரு கட்டணத்தைக் கையைப் பிடித்து அழைத்துவருவது இப்படித்தான்.

லிமிட்டைத் தாண்டுகிறவர்கள் எல்லாம் ஊதாரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் வீடுகளில் நடப்பதை நான் பார்க்கிறேன். குடும்பத்தில் கார்டு வைத்திருப்பவர் ஒருவர்தான். அக்காவின் சீர்வரிசைக்கு ஃப்ரிட்ஜ் வாங்குவதும் அந்தக் கார்டில். அம்மையார்குப்பத்திலோ பொதட்டூர்பேட்டையிலோ மாமாவின் விசைத்தறி நின்றுபோனால் உதிரிபாகம் வாங்குவதும் அதே கார்டில். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு நகரி, புத்தூர்ப் பக்கத்துச் சொந்தங்கள் வந்து இறங்கும்போது மளிகை, துணி எல்லாமே அதில்தான். ஒருவர் பெயரில் இருக்கும் லிமிட், ஒரு குடும்பத்தின் பாரத்தையே சுமக்கிறது.

அதோடு, நீங்கள் எதையும் வாங்காமலேயே லிமிட் தீர்ந்துபோகும் வழிகளும் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஈ.எம்.ஐ.யில் போன் வாங்கினால் மாதத் தவணை மட்டும்தான் லிமிட்டில் கழியும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முழு அசலும் முதல் நாளே லிமிட்டைப் பிடித்துக்கொள்ளும். தவணை கட்டக் கட்டத்தான் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். போன மாதம் முழுத் தொகையைக் கட்டாமல் விட்டிருந்தால், அதன் வட்டியும் வட்டிமீதான ஜி.எஸ்.டி.யும் வந்து சேரும். ஆண்டுக் கட்டணம் ஒருநாள் சத்தமில்லாமல் ஏறும். சினிமா, பாட்டு, கேம் ஆப்களுக்கு எப்போதோ கொடுத்த ஆட்டோ டெபிட் அனுமதி மாதாமாதம் பணத்தை எடுக்கும். 15,000 ரூபாய் வரையிலான அத்தகைய பிடித்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்பதில்லை. வெளிநாட்டு இணையதளத்தில் வாங்கினால் நாணய மாற்றுக் கட்டணம் தனி. 2022-க்குப் பிறகு ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைக்கும் வசதியும் வந்துவிட்டது. டீ, பூ, பழம் என்று ஸ்கேன் செய்யும் இருபதும் முப்பதும்கூடக் கடன் கணக்கில் ஏறுகின்றன. மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போதுதான் அதன் கனம் தெரியும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். இந்த மடலிலேயே நீங்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய பகுதி இது. கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு வழங்குவது பற்றி ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று ஒரு தொகுப்பு ஆணை வெளியிட்டது. அட்டைதாரருக்குத் தெரிவிக்கப்பட்ட கடன் வரம்பு, அவருடைய வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் எந்த நேரத்திலும் மீறப்படாதபடி வங்கி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அது விதித்தது. ஆணையின் பெரும்பகுதி அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. இந்த விதி உள்ளிட்ட சிலவற்றுக்கு வங்கிகள் அவகாசம் கேட்டதால், அவை 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறையாயின.

பொறுப்பு யார்மேல் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘அட்டைதாரர் தாண்டக் கூடாது’ என்று அந்த விதி சொல்லவில்லை. ‘தாண்டாமல் வங்கி பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்கிறது. அது நியாயமும்கூட. கடையில் நிற்கும் உங்களுக்கு மீதி லிமிட் எவ்வளவு என்று தெரியாமல் இருக்கலாம். வங்கியின் கணினிக்கு நொடியில் தெரியும். தெரிந்தே ‘சரி’ என்று அனுமதித்துவிட்டு, அதற்கே கட்டணமும் போடுவதென்றால், அது உங்களுக்கு விற்கப்பட்ட ஒரு சேவை. விற்பதற்கு முன் வேண்டுமா என்று கேட்டாக வேண்டும்.

அமெரிக்காவும் இதே பாடத்தைக் கற்றுத்தான் சட்டம் போட்டது. அங்கே கோடிக்கணக்கானவர்கள் இந்தக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2009 மே மாதம் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட கிரெடிட் கார்டு சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. அட்டைதாரர் முன்கூட்டியே விரும்பிச் சம்மதித்தால் ஒழிய ஓவர்லிமிட் கட்டணம் போடக் கூடாது என்றது. சம்மதித்தவரிடமும், தாண்டிய தொகையைவிட அதிகமாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அதன்கீழ் வந்த விதிகள் சொல்லின. 2010 பிப்ரவரியில் அந்தச் சட்டம் நடப்புக்கு வந்த சில ஆண்டுகளிலேயே இந்தக் கட்டணம் அந்நாட்டில் ஏறக்குறைய இல்லாமல் போனது. கேட்டுவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று ஆனதும், வாங்க ஆளில்லை. நம் நாட்டில் முதல் பாதி வந்துவிட்டது. இரண்டாவது பாதியும் வர வேண்டும் என்பது என் விருப்பம். 300 ரூபாய் தாண்டியவரிடம் 708 ரூபாய் வாங்குவதை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. முதல் வேலை, கார்டின் ஆப்பைத் திறந்து, செலவுக் கட்டுப்பாடுகள் இருக்கும் பகுதிக்குப் போவது. ஓவர்லிமிட் என்று ஒரு பொத்தான் இருக்கும். அது ‘ஆன்’ என்று இருந்தால் அணையுங்கள். அங்கே காணவில்லை என்றால் வாடிக்கையாளர் சேவை எண்ணில் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். சொன்னதை மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள். நிறுத்தினால் என்ன ஆகும்? லிமிட் தீர்ந்ததும் கார்டு மறுக்கப்படும். கடைக்காரர் முன்னால் அது கூச்சமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூச்சத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

மருத்துவமனை அவசரம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்படி ஒரு தேவைக்காகவே ஓவர்லிமிட்டைத் திறந்துவைக்க விரும்பினால் அது உங்கள் உரிமை. வங்கி எவ்வளவு வரை தாண்டவிடும், எவ்வளவு கட்டணம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பில் தேதிக்கு முன்பே கொஞ்சம் பணத்தைக் கார்டில் கட்டி, நிலுவையை லிமிட்டுக்குள் இறக்கிவிடுவது இன்னும் நல்லது.

இரண்டாவது வேலை, ஒப்புதல் கொடுத்த நினைவில்லாமல் கட்டணம் விழுந்திருந்தால் எழுத்தில் கேட்பது. போனில் சண்டை போட்டுப் பயனில்லை. எதிர்முனையில் இருப்பவரும் உங்களைப் போலவே மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு தம்பியோ தங்கையோதான். கட்டணத்தைப் போட்டது அவரல்ல. மின்னஞ்சலில் இப்படி எழுதினால் போதும்:

‘என் கிரெடிட் கார்டின் இந்த மாத பில்லில் ஓவர்லிமிட் கட்டணமும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் சேர்க்கப்பட்டுள்ளன. கடன் வரம்பை மீற நான் வெளிப்படையான ஒப்புதல் தரவில்லை. தந்ததாக உங்கள் பதிவு சொன்னால், எந்தத் தேதியில், எந்த வழியில் தந்தேன் என்பதற்கான ஆதாரத்தை அனுப்பவும். ஆதாரம் இல்லையெனில், ரிசர்வ் வங்கியின் கார்டு ஆணையின்படி இரண்டு தொகைகளையும், அவற்றால் வந்த வட்டி, தாமதக் கட்டணம் ஏதும் இருந்தால் அவற்றையும் திருப்பி வரவு வைக்கவும். இன்று முதல் ஓவர்லிமிட் வசதியை நிறுத்திவைக்கவும்.’

கார்டு எண்ணை முழுசாக எழுதாதீர்கள். கடைசி நான்கு இலக்கம் போதும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பில் தவறு என்று நீங்கள் புகார் செய்தால், அதிகபட்சம் 30 நாளுக்குள் விளக்கமும் தேவையான ஆதாரமும் தர வேண்டும் என்பதும் அதே ஆணை வகுத்த விதி.

அதே நேரத்தில் ஒரு எச்சரிக்கை. கட்டணத்தின்மேல் கோபம் வந்து, மொத்த பில்லையும் கட்டாமல் நிறுத்திவிடாதீர்கள். சர்ச்சைக்குரிய தொகை தவிர மற்றதை நாள் தவறாமல் கட்டிவிடுங்கள். மினிமம் குறையும் என்றால் அந்தத் தொகையையும் கட்டிவிட்டு, திருப்பிக் கேட்டுப் போராடுங்கள். நிலுவைத் தேதி கடந்து 3 நாள் ஆன பிறகுதான் தாமதக் கட்டணம் போடலாம், சிபில் போன்ற நிறுவனங்களுக்கு நிலுவை என்று தெரிவிக்கலாம் என்பது விதி. அந்த 3 நாளை அவசரத்துக்கான அவகாசமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் எல்லாக் குறைதீர்ப்பு முறைகளையும் ஒன்றாக்கி ஒரே திட்டமாக்கினார்கள். வங்கி கொடுத்த கார்டு என்றாலும், வங்கியல்லாத நிதி நிறுவனம் கொடுத்த கார்டு என்றாலும் வாசல் ஒன்றுதான். ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தில் பதிவு செய்யலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. கணினி பழக்கமில்லாதவர்கள் தபாலில் அனுப்பலாம். தபால் புகார்களைப் பெறும் மையம் சண்டிகரில் இருக்கிறது. எந்த மொழியில் எழுதினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அமைக்கப்பட்ட மையம் அது. ஆகவே தமிழிலேயே எழுதுங்கள். இங்கிலீஷ் சரளமாக வராது என்பதற்காக 708 ரூபாயை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

‘எழுநூறு ரூபாய்க்கு இவ்வளவு பாடா?’ என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். உங்கள் ஒரு நாள் சம்பளத்தோடு அதை வைத்துப் பாருங்கள். மலையடியில் நாள் முழுதும் பூக்கட்டி விற்கும் ஒரு அம்மாவுக்கு அது எத்தனை முழம் என்று யோசியுங்கள். அதோடு, கேட்டுப் பெறுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. அதற்கு முன்பிருந்தே மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியரும், ம.பொ.சி.யும், அவர்களோடு நின்ற ஊர்மக்களும் கூட்டம் போட்டார்கள், மறியல் செய்தார்கள், சிறைக்கும் போனார்கள். படாஸ்கர் என்பவரை நடுவராக வைத்து இரு மாநிலங்களும் பேசி முடித்தபின், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு, அன்றைய சென்னை மாநிலத்தோடு, சேர்ந்தது. எவரோ கோடு போட்டுவிட்டார்கள் என்று அவர்கள் சும்மா இருந்திருந்தால் இன்று நம் ஊர்ப் பலகையே வேறாக இருந்திருக்கும். உங்களிடம் நான் கேட்பது ஒரு மின்னஞ்சல் மட்டுமே.

கடைசியாக, கட்டணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஓவர்லிமிட் கட்டணம் விழும் கார்டு, பெரும்பாலும் பல மாதங்களாக லிமிட்டின் விளிம்பிலேயே நிற்கும் கார்டாக இருக்கும். ஏன் அது இறங்குவதே இல்லை? 50,000 ரூபாய் நிலுவைக்கு மாதம் 3.75 சதவீத வட்டி என்றால் 1,875 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 337 ரூபாய் 50 காசு. நீங்கள் 2,500 கட்டினால், கடனில் உண்மையில் குறைவது 287 ரூபாய் 50 காசுதான். அதற்குள் ஒரு முறை கார்டைத் தேய்த்துவிட்டால் மறுபடியும் விளிம்பு. முழுத் தொகையைக் கட்டாத மாதங்களில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

ஆண்டுக்கு 45 சதவீதம் வரை போகும் இந்த வட்டிக்கு மேல்வரம்பும் இல்லை. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்திருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டியிலிருந்து உங்களைக் காப்பாற்ற இன்றைக்குச் சட்டம் வராது. முழுத் தொகையைக் கட்டுவது ஒன்றுதான் காப்பு. ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறவர்கள் கார்டை ஓரமாக வைத்துவிட்டு, ஆட்டோ டெபிட்களை நிறுத்திவிட்டு, முடிந்தவரை அதிகமாகக் கட்டிக் கடனை இறக்குங்கள். கூட்டுறவு வங்கி நகைக்கடனோ, சம்பளக் கணக்குள்ள வங்கியின் தனிநபர் கடனோ பாதிக்கும் குறைவான வட்டியில் கிடைத்தால், அதை வாங்கிக் கார்டை அடைத்துவிடுவது புத்திசாலித்தனம். அடைத்த பிறகு அந்தக் கார்டை மறுபடி நிரப்பாமல் இருந்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. ‘லிமிட்டை உயர்த்தித் தருகிறோம்’ என்று குறுஞ்செய்தி வந்தால் உடனே தலையாட்டாதீர்கள். அதற்கும் உங்கள் ஒப்புதல் வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுடையதே.

கடன் கட்ட முடியாமல் போய்விட்டால் ஒளிந்துகொள்ளாதீர்கள். வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் உங்களை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. மிரட்டினால் அதையும் எழுத்தில் புகார் செய்யுங்கள். வீட்டில் சொல்லுங்கள். அந்தக் கார்டில் வாங்கியதெல்லாம் வீட்டுக்காகத்தானே, பாரத்தையும் வீடு பகிர்ந்துகொள்ளட்டும்.

நாளை ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும், அரக்கோணம் தாண்டுவதற்குள் மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். ஓவர்லிமிட் பொத்தானைப் பாருங்கள். கடைசி ஆறு மாத பில்களைத் திறந்து ‘இதரக் கட்டணங்கள்’ என்ற இடத்தைப் படியுங்கள். அந்த வரி இருந்தால் மேலே கொடுத்த கடிதத்தை அனுப்புங்கள். பிறகு பக்கத்து சீட்டில் இருப்பவரிடமும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் வங்கி அதை ஒரு சலுகையாகத் திருப்பித் தரும். ஒரு ரயில் பெட்டியே கேட்டால், அடுத்தவரிடம் போடுவதற்கு முன் யோசிக்கும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
திருத்தணி